விளக்கு எரியுது, பேச்சைக் காணோம்

"மொளகாயச் சுத்திப் போட்டா மின்சாரம் பயந்து ஓடி வந்துருமாக்கும்?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார் ஞானசம்பந்தன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் அவர். எலுமிச்சம்பழம் கட்டிய லாரியைக் கண்டால்கூட நிறுத்தி டிரைவருக்கு வகுப்பெடுக்கிற ஆள்.

நீலாம்பாள் உப்பையும் மிளகாயையும் அடுப்படிக்கே திருப்பி எடுத்துப் போனாள். மகளுக்கு ஊர்க்கண் பட்டுவிட்டது என்பது அவள் கட்சி.

மகள் சித்ரலேகா சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த சாதனம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பென்டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் சொருகினால், விரல் நடுங்குகிறவர்களும் ஒரே பொத்தானை அமுக்கித் தமிழில் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தபோது சமர்த்தாகத்தான் எழுதியது. மறுநாளிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரும் அதைச் சீந்தவில்லை.

வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் அவர்களே தயாரித்து விற்பார்கள். இல்லையென்றால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள் சித்ரலேகா. அந்த வேலைக்குத் திரும்ப அவளுக்குத் துளியும் மனமில்லை.

புரோகிராமை அழித்துப் புதிதாக ஏற்றினாள். கம்ப்யூட்டரில் டிரைவர் மென்பொருளை மாற்றினாள். எதிர்வீட்டு லேப்டாப்பை இரவல் வாங்கிச் சொருகினாள். 'அடையாளம் தெரியாத சாதனம்' என்று சில தடவை வந்தது, பல தடவை அதுகூட வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து யாரென்று கேட்டதுபோல் அவளுக்கு வலித்தது.

வியாழக்கிழமை மகேஷைக் கூப்பிட்டாள். கல்லூரியில் கூடப் படித்தவன், ஜங்ஷனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அவன் சொருகியதும் சாதனத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"வெளக்கு எரியுதுல்லா? அப்ப சொருகுத வாய்க்குள்ள ஓரத்துல உள்ள ரெண்டு கம்பியிலயும் கரண்டு வருது. நடுவுல உள்ள ரெண்டுதான் கம்ப்யூட்டர்ட்ட பேசணும். அது பேச மாட்டுக்கு."

பெட்டியைத் திறந்து, நடு இரண்டையும் பின்பக்கம் பிரித்து மறுபடி பற்றவைத்தார்கள். அப்போதும் ஊமைதான். சிப்பே போயிருக்கும் என்று மகேஷ் கையை விரித்தான். அவன் முன்னால் அழக்கூடாது என்று காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போனாள் சித்ரலேகா.

அன்று சாயங்காலம் ஞானசம்பந்தன் கேலி பேசவில்லை. பழைய வேலை எங்கேயும் ஓடிப் போய்விடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கம்போலச் சாதனத்தைத் தானே டப்பாவில் எடுத்து வைத்தார்.

நீலாம்பாள் மகளைப் புறவாசலுக்கு இழுத்துப் போனாள். அவளைத் திரும்பச் சென்னைக்கு அனுப்ப அப்பாதான் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார், இல்லாவிட்டால் அந்த டப்பாவைத் தினமும் அவர் எதற்குத் தொட வேண்டும் என்று காதைக் கடித்தாள். சித்ரலேகா அவளைக் கோபித்துக்கொண்டாள். ஆனால் விடிவதற்குள் அந்தச் சந்தேகம் இவளையும் தொற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஞானசம்பந்தன் டப்பாவை நீட்டினார். சித்ரலேகா வாங்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்கப்பா. நான் சென்னைக்குப் போகணும்னு நீங்க இத என்னமும் செஞ்சியளா?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மகளின் காதருகே குனிந்தார்.

"நீ செயிக்கணும்னுதாம்மா செஞ்சேன். வெளிய வச்சா ஒங்கம்மா கண்டுபிடிச்சிருவாளேன்னு, தெனமும் அது வாய்க்குள்ள நட்டநடுவுல சந்தனப் பொட்டு வச்சேன்; இன்னைக்குக் கொஞ்சம் நெறையவே வச்சிருக்கேன்."