சுவரில் தாரணி

மகள் தாரணி நோயில் விழுந்ததிலிருந்து கொல்லைப்புற நீச்சல்குளத்தை யாரும் சீந்தவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, குளத்துச் சுவரில் படர்ந்திருந்த பாசியை விரலால் வழித்துத் தன் பெயரை எழுதிவிட்டுப் போனாள், திரும்பி வரவில்லை.

கொசுத்தொல்லை என்று பக்கத்து வீட்டார் சத்தம் போடவும், குமரேசன் தண்ணீரை இறைத்துவிட்டு பிரஷ்ஷோடு உள்ளே இறங்கினார்.

“புள்ள பேரு மேல மட்டும் பிரஷ் பட்டுடக் கூடாதுங்க,” என்றாள் மனைவி வசுமதி, கரையில் நின்றபடி.

“எனக்குத் தெரியாதா வசு?”

எழுத்துகளை விட்டுவிட்டு, சுற்றியிருந்த பாசியை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தெடுத்தார். விலகி நின்று பார்த்தபோது சுவர் முழுக்க ஒரே வெள்ளை.

“பேரு எங்கீங்க?”

“நான் தொடவேயில்ல வசு,” என்றவர், காலடியில் கிடந்த பாசியை அள்ளி அள்ளிச் சுவரில் அப்பத் தொடங்கினார்.