இல்லாத மாத்திரை

"எங்கப்பாவுக்கு மாத்திரை இல்லைன்னு சொன்னது நீங்கதானா?"

கேட்டவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். இரண்டு நிமிடம் தாமதமாக வண்டியை எடுக்கிற டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற ஆள். ஒரு மருந்துக்கடைக்காரம்மா தனக்கு எம்மாத்திரம் என்ற தைரியத்தோடுதான் வந்திருந்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாலு நாளாக வெளிக்குப் போக முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூட்டு வலியோடு இரண்டு தெரு தாண்டி நடந்து வந்த அந்த மனிதரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "கடையில இல்லைன்னுட்டாங்கடா" என்று மகனிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இல்லையாம். கடைக்காரம்மாவின் தலைக்குப் பின்னால் அந்த மலச்சிக்கல் மாத்திரையின் மஞ்சள் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. டைம்கீப்பர் விரலை நீட்டினார்.

"அதெல்லாம் என்ன, அலங்காரத்துக்கு வச்சிருக்கீங்களா?"

"உட்காருங்க சார்" என்றாள் கடைக்காரம்மா.

"உட்கார நேரமில்ல. டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கற மாத்திரைதானே இது?"

"ஆமா."

"அப்புறம் என்ன? ஒரு அட்டை எடுங்க."

"சீட்டு வேண்டாம்னா இஷ்டத்துக்குப் போடலாம்னு அர்த்தமில்ல சார். அப்பாவுக்கு இப்ப வயித்து வலி இருக்கா?"

"இருக்கு. அதனாலதானே கேக்கறேன்."

"அதனாலதான் நான் தரமாட்டேன்."

டைம்கீப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைக்காரம்மா அசரவில்லை. அவளும் இருபது வருஷமாக அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவள்.

"வெறும் மலச்சிக்கல்னா தாராளமா கொடுப்பேன். வலி, வாந்தின்னு வந்தா கொடுக்க மாட்டேன். உள்ள என்ன சங்கதின்னு தெரியாம, குடலை உலுக்கி வேலை வாங்கற மாத்திரையைக் கொடுக்கலாமா? அதோட, டாக்டரைக் கேக்காம ஒரு வாரத்துக்கு மேல இதைப் போடக்கூடாது. உங்கப்பா மூணு வாரமா போடறார். என்கிட்ட ஒரு தடவைதான் வாங்கினார், மத்ததெல்லாம் வேற கடை. ஒண்ணு போட்டவர் ரெண்டாக்கி, இப்ப மூணுல வந்து நிக்கறார். உடம்புல இருக்கற தண்ணியும் உப்பும் என்னாகும்?"

மூணு வாரமா? டைம்கீப்பருக்கு அது புதுச் செய்தி. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"மூணு போட்டும் கேக்கலைன்னா உங்க மாத்திரையிலதான் கோளாறு."

"மாத்திரை நல்லாவே கேக்குது சார். நான் சொன்னபடி ராத்திரி படுக்கறப்ப, பாலோட இல்லாம தண்ணியோட, முழுசா முழுங்கறார். காலையில ஆறரை, ஏழுக்கெல்லாம் வயித்தைக் கலக்கிடுதாம்."

"அப்புறம்?"

"அடக்கிக்கறார்."

டைம்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக்கினா வந்தது அப்படியே அடங்கிப் போயிடும். அப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வராது. மருந்து பத்தலைன்னு நினைச்சு மறுநாள் கூட ஒண்ணு போடறார்."

"எல்லாம் சோம்பேறித்தனம் மேடம். நீங்க பார்த்ததில்ல. காலையில நாங்க அஞ்சு பேரும் பரபரன்னு கிளம்பறோம். ஒரு நிமிஷம் பிசகாது. எண்பது பஸ்ஸுக்கு டைம் போடறவன் வீடு இல்லையா? இவர் மட்டும் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு அசையாம உட்கார்ந்திருப்பார். என்னப்பான்னு கேட்டா, எனக்கென்ன அவசரம்பார். தண்ணி குடிங்க, பழம் சாப்பிடுங்க, நடங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு."

கடைக்காரம்மா ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"பக்கத்து கிளினிக் டாக்டர்கிட்ட போன்ல சொல்லி வச்சிருக்கேன். சாயந்திரம் ஆறு மணிக்குக் கூட்டிட்டுப் போங்க. மூணு மாத்திரை விஷயத்தை மறைக்காம சொல்லிடுங்க. அதுக்குள்ள வலி ஜாஸ்தியானாலோ வாந்தி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி."

டைம்கீப்பர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். என்ன சத்தம் போட்டாலும் அப்பா என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் ஒரு கணக்கு நேராகாமல் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

"அதெல்லாம் சரி மேடம். கொடுக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? இருக்கற மாத்திரையை இல்லைன்னு எதுக்கு ஒரு வயசானவர்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லல சார். இதைக் கொடுக்க முடியாதுன்னுதான் சொன்னேன். சரிம்மான்னு ஒத்துக்கிட்டார். அப்புறம் வேற ஒண்ணு கேட்டார். அதைத்தான் இல்லைன்னேன். எந்தக் கடையிலயும் கிடைக்காதுன்னும் சொன்னேன்."

"அப்படி என்ன கிடைக்காத மாத்திரை? பேரை எழுதிக் கொடுங்க. எங்கே இருந்தாலும் நான் வாங்கிட்டு வர்றேன்."

கடைக்காரம்மா எழுதவில்லை.

"‘வீட்டுல ஒரே பாத்ரூம்தான்மா. பிள்ளைங்க எல்லாம் குளிச்சுக் கிளம்ப ஒன்பதரை ஆயிடும். நான் குறுக்கே போனா அவங்களுக்கு லேட்டாயிடும். பத்து மணிக்கு மேல வர்ற மாதிரி ஒரு மாத்திரை இருக்கா?’ன்னு கேட்டார் சார்."