கேன் தண்ணீர்

அந்தத் தெருவில் எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் ஈயம் கலந்திருந்தது. செங்கமலம் வீட்டுத் தண்ணீரில் மட்டும் துளிகூட இல்லை. ஆய்வுக்கூடத்து அகல்யா கருவியைச் சரிபார்த்து மறுபடி சோதித்தாள். அதே முடிவு. நேரே போய்க் கேட்டாள்.

"விடிஞ்சதும் குழாய்ல வர்ற முதல் தண்ணியத்தானே பாட்டில்ல பிடிச்சு வெக்கச் சொன்னேங்க்கா?"

செங்கமலம் முந்தானையைத் திருகினாள்.

"பாட்டில் குடுக்க வந்த அன்னைக்கு, நான் குடுத்த சொம்ப ஓரமா வச்சுட்டு, பையிலேர்ந்து உங்க தண்ணிய எடுத்துக் குடிச்சீங்க. கலங்கின தண்ணி, எப்படிக் குடிப்பீங்க? அதையே திரும்ப உங்க கையில குடுக்கக் கூச்சமா இருந்துச்சும்மா. கேன் வாங்கி ஊத்தி வச்சேன்."

அகல்யாவால் நிமிர முடியவில்லை. பையில் தலைநீட்டிக்கொண்டிருந்த தன் தண்ணீர் பாட்டிலை விரலால் உள்ளே அழுத்தினாள். சோதனைக்கான புதுப் பாட்டிலை நீட்டினாள்.

"குழாய்த் தண்ணியே குடுங்கக்கா."

செங்கமலம் பிடித்து வந்தாள். கூடவே ஒரு சொம்பு.

"இது மிச்சமிருந்த கேன் தண்ணி. நீங்க வந்தா குடுக்கன்னு யாரையும் தொட விடல. பயப்படாம குடிங்க."

அகல்யா அதை வாங்கிக்கொண்டதும்தான் செங்கமலத்தின் முகம் தெளிந்தது. நிம்மதியாகத் திரும்பி, உலைப்பானையை அடியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.