பத்து நாள் திட்டம்

முதலாளி குடும்பம் துபாயிலிருந்து ஓமனுக்குக் காரில் போய் மஸ்கட், சலாலா பார்த்துவர ஐந்து நாள் போதும் என்று சுடலைமணி போனில் சொன்னதும், சின்னக்கானலில் அவன் மனைவி கற்பகம் சிரித்துவிட்டாள்.

“பச்சப்புள்ளைகளை வச்சுக்கிட்டா? மஸ்கட்டுல ரெண்டு நாள் தங்கணும். சலாலாவுக்கு ஒரே மூச்சுல ஓட்டக் கூடாது. பத்து நாளாவது வேணுங்க.”

“சலாலாவுல இப்ப நம்ம ஊரு மாதிரியே மஞ்சும் மழையுமாம்.”

“அப்ப ஸ்வெட்டர் வேணும். எலுமிச்சம்பழம் வண்டியிலயே இருக்கட்டும். மூணாறு போறதுக்குள்ள நம்ம கனிஷ்கா நாலு தடவை வாந்தி எடுப்பா.”

மறுநாள் மாலை அவன் மறுபடி அழைத்தான்.

“உன் திட்டம்தான் முதலாளி வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பத்து நாள்னு முடிவாயிருச்சு.”

கற்பகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. “என்னைக்குக் கிளம்புறீங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமை.”

அவள் காலண்டரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

“ஏங்க, அடுத்த புதன்கிழமை நீங்க ஊருக்கு வர டிக்கெட் போட்டிருக்கே? ஞாயித்துக்கிழமை புள்ளைக்குக் காதுகுத்தாச்சே?”

“அஞ்சு நாள்னா வந்திருப்பேன் கற்பகம். முதலாளி குடும்பத்துக்கு வண்டி ஓட்ட வேற டிரைவர் இல்லையாம். லீவை ரத்து பண்ணிட்டாங்க.”

பட்டுப்பாவாடையை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று கனிஷ்கா போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“எலுமிச்சம்பழத்தை மறந்துராதீங்க” என்று மட்டும் சொன்னாள் கற்பகம்.