குடத்தின் ஒடுக்கு

பித்தளைக் குடத்தை என் கடை மேஜைமேல் வைத்துவிட்டுக் குருசாமி சொன்னான்: "ஒடுக்கு எடுக்கணும். பழைய பேரத் தேய்ச்சிட்டு இவ பேர வெட்டிடுங்க."

இவள் என்றது அவனுடைய புது மனைவியை. "கிணத்துல விழுந்து ஒடுங்கிருச்சாம்ண்ணே" என்றாள் அவள்.

குடத்தின் வயிற்றில் ஒரு தலை பதியும் அளவுக்குப் பள்ளம். கழுத்தடியில் 'ம. செண்பகவல்லி' என்றிருந்தது. குருசாமியின் முதல் மனைவி. அவளுடைய கல்யாணச் சீருக்கு அந்தப் பெயரை வெட்டிக்கொடுத்தவன் நான். அவளை அவன் அடித்துக் கொன்ற குடம் இதுதான் என்று கோர்ட்டில் கூண்டேறி அடையாளம் சொன்னவனும் நான்தான். ஏதோ ஆத்திரத்தில் அடித்துவிட்டான், கொல்லும் எண்ணமில்லை என்று ஏழு வருடம் கொடுத்தார்கள். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டானென்று ஐந்திலேயே விட்டுவிட்டார்கள். குடத்தையும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறான். ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆளில்லை.

"பேரு என்னம்மா?"

"முத்துமாரி."

குடத்துக்குள் இரும்புத் தண்டை விட்டு உள்ளிருந்து தட்டினேன். பள்ளம் எழும்பவில்லை. ஓங்கி இடித்தேன். மறுபடியும் இடித்தேன். பித்தளை கிழிந்து வாய் பிளந்தது.

குருசாமி பாய்ந்து வந்து குடத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான். கிழிசலை விரலால் தடவத் தடவ அவன் கண் கலங்கியது.

"பாழாக்கிட்டியேய்யா" என்று கத்தினான். "இதுக்கு யாருய்யா பதில் சொல்றது?"