ஏழாம் நம்பர் குறட்டை

“இதைத் திருப்பித் தர முடியாது! முதல்ல இந்த ரிப்போர்ட்டை எழுதின மகானை நான் பார்க்கணும்!”

தூக்கச் சிகிச்சை மையத்தின் வரவேற்பறையில் அந்தப் பெண்மணி போட்ட சத்தத்தில், மூன்று மாதமாக நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம்கூட ஒரு நிமிடம் ஓடியது. அவருடைய ஒரு கையில் கடிதமும் பன்னிரண்டு பேரின் அளவுப் பட்டியல் உள்ள ரிப்போர்ட்டும். இன்னொரு கையில் சின்னப் பெட்டி. அதற்குள் குறட்டையைக் குறைப்பதற்காக வாயில் மாட்டிக்கொண்டு தூங்கும் பிளாஸ்டிக் கவ்வி.

நர்ஸ் டாக்டரின் அறையைக் கை காட்டினார்.

“உட்காருங்கம்மா,” என்றார் டாக்டர். “பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தோம். பலன் இல்லை. அதான் எல்லாக் கவ்வியையும் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திருப்பி வாங்குறோம். உங்க வீட்டுக்காரர்தானே ஏழாம் நம்பர்? அவர் மனசு கஷ்டப்படும்னு எனக்கும் புரியுது…”

“ஏழாம் நம்பரோட மனசை விடுங்க, கணக்குக்கு வாங்க. பலன் இல்லைன்னு யார் சொன்னது?”

“கம்ப்யூட்டர். கவ்வி இல்லாம பன்னிரண்டு அளவு, கவ்வியோட பன்னிரண்டு அளவு. ரெண்டுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கான்னு பார்க்கிற டி டெஸ்ட் போட்டோம். குறட்டைச் சத்தம் சராசரியா ஆறு டெசிபல் குறையுது. ஆனா உண்மையான சராசரி எங்கே இருக்கலாம்னு காட்டுற நம்பிக்கை இடைவெளி மைனஸ் அஞ்சுல இருந்து பதினேழு வரைக்கும் போகுது. நடுவுல பூஜ்யம் உட்கார்ந்திருக்கு. அப்போ பலனும் பூஜ்யம்.”

“பதினேழும்தான் உள்ளே உட்கார்ந்திருக்கு! அதை ஏன் கண்டுக்கலை? பூஜ்யம் உள்ளே இருந்தா ‘தெரியலை’ன்னு அர்த்தம். ‘இல்லை’ன்னு அர்த்தமில்லை. அது போகட்டும், எந்த டி டெஸ்ட்?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “எந்த டி டெஸ்ட்னா? பட்டியல்ல முதல்ல இருந்தது.”

“முதல்ல இருந்ததா! வாசல்ல முதல்ல கிடக்கிற செருப்பைத்தான் மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவீங்களா?”

டாக்டர் அனிச்சையாகத் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

“நான் பெயிண்ட் கம்பெனியில தரம் பார்க்கிறவ. ஒரே பலகையில பாதிக்குப் பழைய பெயிண்ட், பாதிக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சு வெயில்ல வைப்போம். எதுக்கு? பலகைக்குப் பலகை மாறும். அந்தப் பழியைப் பெயிண்ட் மேல போடக் கூடாது பாருங்க.”

“பெயிண்ட்டுக்கும் குறட்டைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“உங்களுக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு பலகை!” மேசையில் விழுந்த அடியில் பேனாக்கள் எழுந்து நின்றன. “மூணாம் நம்பர் நாற்பத்தஞ்சு டெசிபல். பூனைக்குட்டி. ஏழாம் நம்பர் எண்பத்தி நாலு. மலையேறுற லாரி. நீங்க போட்டது வேற வேற ஆளுங்களுக்கான டெஸ்ட். அது பூனைக்கும் லாரிக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்தே மிரண்டு போச்சு. கவ்வி செஞ்ச வேலை அதுல அமுங்கிப் போச்சு. அவங்கவங்களை அவங்கவங்களோடயே ஒப்பிட்டுப் பாருங்க. மூணுக்கு அஞ்சு குறைஞ்சிருக்கு. ஏழுக்கு ஒன்பது. பத்துக்கு ரெண்டு. ஒருத்தருக்காவது ஏறியிருக்கா?”

டாக்டர் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். ஏறவில்லை. அவர் முகம்தான் இறங்கியது.

“பதினோரு வருஷம், டாக்டர்!” அந்தப் பெண்மணி பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “கட்டிலை இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு மாத்திப் போட்டேன். காதுல பஞ்சு வெச்சேன், மெழுகு வெச்சேன். போன மாசம் வேலையில கண்ணசந்து, பச்சைப் பெயிண்ட்டை வெள்ளைன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டேன். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி முழுக்க இப்ப கிளிப்பச்சை! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேண்டாம்னு மேனேஜர் எழுதிக் கொடுத்துட்டார். கவ்வி வந்த மூணு வாரம்தான் நான் மனுஷியாத் தூங்கினேன். அதையும் பிடுங்குறீங்களே, அதுவும் ஒரு கணக்கைத் தப்பாப் போட்டு!”

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பட்டியலில் கீழே இருந்த ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் ஜோடி டி டெஸ்ட்டைத் தேடிப் பிடித்துச் சொடுக்கினார். சராசரி அதே ஆறு. இடைவெளி மட்டும் நாலு முதல் எட்டு வரை என்று சுருங்கியிருந்தது.

“பூஜ்யத்தைக் காணோமே!” டாக்டர் துள்ளினார். “அப்படின்னா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு நாலுல இருந்து எட்டு டெசிபல் குறையும்!”

“ஐயோ, மறுபடியுமா! ஏழாம் நம்பருக்கு ஒன்பது, பத்துக்கு ரெண்டுன்னு இப்பத்தானே சொன்னேன்? இது ஆளைப் பத்தின கணக்கில்லை, சராசரியைப் பத்தினது. இதே ஆராய்ச்சியை நூறு தடவை செஞ்சு நூறு இடைவெளி போட்டா, அதுல தொண்ணூத்தஞ்சு வாக்கில உண்மையான சராசரியைப் பிடிச்சிடும். அவ்வளவுதான்.”

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். “சிஸ்டர்! யார்கிட்டேயும் கவ்வியைத் திருப்பி வாங்காதீங்க. வாங்கினதையும் கொடுத்தனுப்புங்க!”

திரும்பி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. “கட்டின புருஷனுக்காக டி டெஸ்ட் வரைக்கும் போராடின ஒருத்தரை இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன். இன்னும் ஆறு மாசம் கவ்வி அவர்கிட்டேயே இருக்கட்டும். தினமும் மாட்டிக்கிறாரான்னு ஒருத்தர் பார்த்துக்கணும். இந்தப் படிவத்துல, ‘மனைவி’ன்னு போட்டிருக்கிற இடத்துல ஒரு கையெழுத்து.”

“யார் மனைவி? அந்தம்மாவுக்கென்ன, ராத்திரியானா காது மெஷினைக் கழற்றி வெச்சிட்டு மகாராணி மாதிரித் தூங்குறாங்க!” என்று சீறினார் அவர். “‘இந்தப் பக்கம் போறீங்களே, இதைக் கொடுத்திடுங்க’ன்னு பெட்டியை என்கிட்ட நீட்டினாங்க. நான் பக்கத்து வீடு, டாக்டர்!”