ஓட்டை போட்ட அட்டைகள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் ஓட்டை. பதுளையிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டர் முகம் சுளித்தார். வேலை போய்விடுமோ என்று ஆயா இராக்கம்மா பயந்தாள்.

"சர்க்கார் அட்டைய ஏம்மா வெட்டுனீங்க?"

அவள் அட்டைக் கட்டின் ஓட்டைகளில் குடைக்கம்பியை நுழைத்துத் தூக்கினாள். ஏழெட்டைத் தவிர மற்றவை விழுந்தன.

"தொங்குற புள்ளைங்களுக்கு இன்னும் ஊசி போடலைங்க ஐயா. போட்டதும் ஓட்டையோட விளிம்ப வெட்டி விட்டுருவேன். அப்புறம் கம்பியில நிக்காது."

டாக்டர் தாமே இருமுறை தூக்கிப் பார்த்தார்.

"இப்படிப் பொறுக்கி எடுக்க எங்க கிளார்க்குமாருக்கு ஒரு வாரமாகும். பதுளைக்கு வந்து சொல்லிக்குடுக்கிறீங்களா?"

"வர்றேங்க."

"அப்ப இந்தச் சம்மதத் தாள்ல கையெழுத்துப் போடுங்க."

இராக்கம்மா கட்டைவிரலை நீட்டினாள்.

"வாசிக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏங்க ஓட்டை போடப்போறேன்?"